நாற்காலி கேட்கும் சிற்றரசர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளுக்குத் தூக்கம் கெடுகிறது, படிப்பு கெடுகிறது, அப்பாவின் போனிலிருந்து காசு போகிறது என்று எழுதியிருந்ததில் எனக்கு வழக்கு இல்லை, என் கடைக்கு எதிர்வீட்டிலேயே அந்தக் கூத்து தினமும் நடக்கிறது. ஆனால் நடுவே ஒரு வரி வந்தது பாருங்கள், ராஜா விளையாட்டு ஆடுகிற பையன்கள் தாங்கள் வாயைத் திறந்தால் நாடே கைகட்டி நிற்கும் என்ற மயக்கத்தில் வளர்கிறார்களாம், அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். கட்டுரையாளர் அதோடும் விடவில்லை. சோழர் காலத்தில் மன்னன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, இன்றைக்குத்தான் ஆளாளுக்குப் பதவி கேட்கிறார்கள் என்று வேறு முடித்திருந்தார். விளையாட்டைப் பற்றிச் சொன்னதும் தப்பு, சோழர்களைப் பற்றிச் சொன்னதும் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டது, இடம் இல்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் பாபநாசத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கிற கடை வைத்திருப்பவன். வயது 56. கொஞ்சம் நஞ்சை உண்டு, அது தம்பி பொறுப்பில். தம்பி மகன் திருச்சியில் படித்துக்கொண்டிருந்தபோது லீவுக்கு வந்தவன் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டை ஏற்றிவிட்டுப் போனான். பெயர் குரூசேடர் கிங்ஸ் 3. சுவீடன் நாட்டு பாரடாக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. "சண்டைக் கேமாடா?" என்று கேட்டேன். "இல்ல பெரியப்பா, இது கல்யாணம், கருமாதி, பங்காளிச் சண்டை. உங்களுக்குத்தான் சரியா வரும்" என்றான். அவன் சொன்னது முழு உண்மை.

இந்த விளையாட்டில் நீங்கள் ஒரு நாட்டை ஆள்வதில்லை, ஒரு ஆளாக இருக்கிறீர்கள். அந்த ஆள் செத்தால் அவருடைய வாரிசாக மாறிவிடுகிறீர்கள். 867-ல் தொடங்கலாம், 1066-ல் தொடங்கலாம். 1066 என்றால் இங்கே வீரராஜேந்திர சோழர் காலம், வரைபடத்தில் காவிரியும் தஞ்சையும் இருக்கின்றன, விடுவேனா. படையெடுப்பு எல்லாம் உண்டுதான். ஆனால் மூன்று வருடமாக ஆடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், என் நேரத்தில் பாதிக்கு மேல் போனது எதிரி நாட்டோடு மல்லுக்கட்டுவதில் இல்லை. எனக்குக் கீழே கப்பம் கட்டுகிற ஆட்களைச் சமாதானப்படுத்துவதில்தான் போனது. அவர்களை விளையாட்டில் வேஸல் என்கிறார்கள். தம்பி மகன் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வாசல் என்றே காதில் விழும். நான் சிற்றரசன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு சிற்றரசனுக்கும் உங்கள்மேல் என்ன அபிப்பிராயம் என்பது ஒரு எண்ணாகத் தெரியும். நூறு வரை ஏறும், அதேபோல மைனஸில் நூறு வரை இறங்கும். போன வருடம் விருந்துக்குக் கூப்பிட்டது, பத்து வருடத்துக்கு முன்னால் அவன் மச்சானைச் சிறையில் போட்டது, உங்கள் மதம், உங்கள் மொழி, நீங்கள் பட்டத்துக்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று, எல்லாம் சேர்ந்த கூட்டல் கழித்தல் அது. நம் ஊரிலும் எல்லார் மனதிலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, திரையில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதில் ராஜாவுக்கு ஒரு சபை உண்டு. தூது, உறவு பார்ப்பவர் ஒருவர், வரவு செலவு பார்ப்பவர் ஒருவர், சேனாதிபதி ஒருவர், ஒற்றர் தலைவர் ஒருவர், அரண்மனைக் குரு ஒருவர். ராணிக்கும் ஒரு இடம் உண்டு, அது வேறு கணக்கு. ஆக, கொடுக்கக்கூடிய நாற்காலி விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். உங்களுக்குக் கீழே உள்ளவர்களில் நிலமும் படையும் அதிகம் உள்ள சிலரைப் பலம் பொருந்திய சிற்றரசர்கள் என்று விளையாட்டே குறித்து வைத்துவிடும். அவர்களுக்குச் சபையில் நாற்காலி கொடுக்காவிட்டால் ஒவ்வொருவருடைய அபிப்பிராயத்திலும் மொத்தமாக நாற்பது கழியும். ஆள் திறமைசாலியா, மண்டூகமா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. பெரிய ஆள், அதனால் நாற்காலி வேண்டும்.

முதல் ஆட்டத்தில் எனக்கு இது புரியவில்லை. நான் நியாயஸ்தன் மாதிரி நடந்துகொண்டேன். அரண்மனையில் நிலம் நீச்சு எதுவும் இல்லாத ஒரு ஆள் இருந்தார், கணக்கில் புலி, அவரைக் கஜானாவுக்குப் போட்டேன். போர்த்திறமை அதிகம் உள்ள ஒரு வெளியூர்க்காரரைச் சேனாதிபதியாக்கினேன். எல்லாருமே திறமை பார்த்து எடுத்த ஆட்கள். கஜானா நிரம்பி வழிந்தது, கோட்டைகள் எழுந்தன, நானும் ராஜராஜனே வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே நான்கு பெரிய சிற்றரசர்கள் நாற்பது நாற்பதாகக் கழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராஜா கொஞ்சம் பேர் வாங்கியவர் என்பதால் அவர் உயிரோடு இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர் போனார். பத்தொன்பது வயதுப் பையன் பட்டத்துக்கு வந்தான். புதிதாக வந்தவன் என்பதற்கே ஒரு கழித்தல் உண்டு. அடுத்த மாதமே கோஷ்டி கட்டிவிட்டார்கள்.

கோஷ்டி என்பது என் வார்த்தை, ஆனால் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. தனிநாடு கேட்கிற கோஷ்டி ஒன்று, ராஜாவின் அதிகாரத்தைக் குறை என்கிற கோஷ்டி ஒன்று, உன்னை இறக்கிவிட்டு உன் சித்தப்பாவை ஏற்றுகிறோம் என்கிற கோஷ்டி ஒன்று. குடிமக்கள் கிளர்ந்தெழுவதும் உண்டு. கோஷ்டிக்காரர்கள் எல்லாருடைய படையையும் கூட்டினால் ராஜாவின் படையில் எண்பது சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டிவிட்டால் அதிருப்தி என்ற அளவு மாதாமாதம் ஏறி நூறைத் தொடும். தொட்ட அன்று ஓலை வரும். ஒத்துக்கொள், இல்லாவிட்டால் சண்டை. எனக்கு ஓலை வந்தது ஒரு சாயங்காலம், கடையில் சிட்டா எடுக்க ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சண்டை என்று அழுத்திவிட்டு அவர்களைக் கவனிக்கப் போனேன். ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் என் கைவசம் தஞ்சையும் அதைச் சுற்றிக் கொஞ்சமும்தான் மிச்சம்.

சரி, பாடம் கற்றாயிற்று என்று இரண்டாவது ஆட்டத்தில் அப்படியே தலைகீழாகப் போனேன். யார் யார் பெரிய ஆளோ அத்தனை பேருக்கும் நாற்காலி. அபிப்பிராயம் எல்லாம் பச்சை பச்சையாக ஏறியது, கோஷ்டியே இல்லை, பத்து வருடம் சொர்க்கம். ஆனால் கஜானா பார்க்க வந்தவருக்குக் கணக்கே தெரியாது, வரி வருகிற வேகத்தைப் பார்த்தால் கொள்முதல் நிலையத்தில் மழைநாளில் மூட்டை நகர்கிற மாதிரி இருந்தது. ஒற்றர் தலைவராக உட்கார்ந்தவர் நல்ல முரட்டுத் தளபதி, சூழ்ச்சி என்றால் வீசை என்ன விலை என்பார். அரண்மனைக்குள் யார் யாரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அவர் கண்டுபிடிக்கவில்லை. மூத்த மகன் போனான், பிறகு இரண்டாமவன். மூன்றாவதாகப் போனது நான். யார் செய்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, எனக்குச் சந்தேகம் ஒற்றர் தலைவர் மேலேயேதான்.

மூன்றாவது ஆட்டத்தில்தான், அதுவும் பல ராத்திரிகளைத் தொலைத்த பிறகு, ஒன்று பிடிபட்டது. எல்லா நாற்காலியும் ஒரே எடை கிடையாது. சேனாதிபதி இடத்தையும் தூது பார்க்கிற இடத்தையும் பெரிய ஆட்களுக்குக் கொடுக்கலாம், கொஞ்சம் சுமாரான ஆளாக இருந்தாலும் நாடு தாங்கும். முன்னால் நடக்கிற பதவி, மாலை விழுகிற பதவி, அவர்களுக்கும் அதுதான் வேண்டும். கஜானாவையும் ஒற்றர் தலைவர் இடத்தையும் மட்டும் எவ்வளவு பெரிய மனுஷன் வந்து நின்றாலும் திறமையும் விசுவாசமும் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. ஒற்றர் தலைவர் இடத்தில் நான் பல தடவை அம்மாவை வைத்திருக்கிறேன், பெண்களை வைக்கலாம், பெற்ற பிள்ளைக்கு விஷம் வைக்கிறவள் அபூர்வம். மிச்சம் இருக்கிற பெரிய ஆளை வேறு வழியில் கட்ட வேண்டும். வழிகள் இருக்கின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், அந்தக் கல்யாணம் உடன்படிக்கையாக அமைந்தால், அவன் கோஷ்டியில் சேரமாட்டான். அவனுடைய ரகசியம் ஏதாவது ஒற்றர் கையில் சிக்கினால் அது ஒரு கொக்கி. வலுவான கொக்கியாக இருந்தால் அது உங்கள் கையில் இருக்கும்வரை அவன் கோஷ்டிப் பக்கம் போக முடியாது. பரிசு அனுப்பலாம், விருந்து வைக்கலாம். நாலு பேருக்குத் தலையை வெட்டினால் பயமும் ஏறும், பயந்தவனும் கோஷ்டிக்குப் போகமாட்டான், ஆனால் பயம் நாளாக நாளாக வடிந்துவிடும், மறுபடி யாரையாவது வெட்ட வேண்டும். குற்றம் இல்லாதவனைப் பிடித்து உள்ளே போட்டால் கொடுங்கோல் என்று ஒரு பேர் எழுதிவிடுவார்கள், சம்பந்தமே இல்லாத சிற்றரசன்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வான். கட்டுரையாளர் சொன்ன மயக்கம் இந்த இடத்தில்தான் தெளிகிறது. ராஜா நினைத்தால் எதையும் செய்யலாம், ஆனால் செய்ததற்கு ஒவ்வொருவனும் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வான்.

அப்புறம், உங்கள் கட்டுரையாளரின் சோழர்களுக்கு வருகிறேன். எனக்குப் பட்டம் எதுவும் இல்லை, கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுப் புத்தகத்தை வைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருப்புறம்பியம் இருக்கிறது. இன்றைக்குப் போனால் வயலும் வாழையும் கோயிலும்தான். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே நடந்த சண்டை தமிழ்நாட்டு வரலாற்றையே புரட்டியது. ஒரு பக்கம் பாண்டியன் வரகுணன், மறுபக்கம் பல்லவன் அபராஜிதன், பல்லவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் பிருதிவீபதியும் சோழன் ஆதித்தனும். கங்கன் களத்திலேயே செத்தான், பல்லவன் ஜெயித்தான். அப்போது ஆதித்தன் யார்? பேரரசன் கிடையாது, பல்லவனுக்கு அடங்கிய ஆள். அவனுடைய அப்பா விஜயாலயன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைப் பிடித்து நாற்பது வருடம்கூட ஆகியிருக்காது. ஜெயித்த பல்லவன் நிம்மதியாகத் தூங்கினானா என்றால், சில வருடத்திலேயே அதே ஆதித்தன் அபராஜிதனைக் கொன்று தொண்டைநாட்டை எடுத்துக்கொண்டான். யானைமேல் இருந்தவன்மீது பாய்ந்து கொன்றான் என்று பிற்காலத்தில் வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. ஆக, சோழப் பேரரசே அடங்காத சிற்றரசன் ஒருவன் கட்டியது. மறுசொல் இல்லாத காலமாம்!

தாங்கள் எப்படி மேலே வந்தோம் என்பது சோழர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் தங்களுக்குக் கீழே இருந்தவர்களை அவ்வளவு பார்த்துப் பார்த்து நடத்தினார்கள். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் வீட்டில் பெண் எடுத்தான். பழுவேட்டரையர் படையோடு போய் அவனுக்காகப் பாண்டியனோடு சண்டையும் போட்டார்கள். கொடும்பாளூர் வேளிர் தலைமுறை தலைமுறையாகப் பெண்ணும் கொடுத்துப் படையும் நடத்தினார்கள், அந்தக் குடும்பத்தில் பராந்தகன் சிறியவேளான் என்பவர் சோழருக்காக ஈழத்தில் போய்ச் செத்தார். ராஜராஜனைப் பெற்ற வானவன்மாதேவி மலையமான் வீட்டுப் பெண். இதையெல்லாம் பாடப்புத்தகத்தில் திருமண உறவு என்று ஒற்றைச் சொல்லில் தாண்டிவிடுகிறார்கள். விளையாட்டில் ஒரு கல்யாணம் பேசி முடிப்பதற்குள் எனக்கு வேர்க்கிறது, அத்தனை வீட்டையும் அந்த மனுஷர்கள் எப்படிச் சமாளித்தார்களோ. கல்யாணம் இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி என்பதும் இவர்களிடமே பார்க்கலாம். ஆந்திரப் பக்கத்து வேங்கிச் சாளுக்கியரைக் கட்டிப்போட ராஜராஜன் தன் மகளைக் கொடுத்தான், ராஜேந்திரனும் தன் மகளைக் கொடுத்தான். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளைதான் 1070-ல் வந்து சோழ சிம்மாசனத்திலேயே உட்கார்ந்தான், முதலாம் குலோத்துங்கன். என் மூன்றாவது ஆட்டத்தில் எனக்கும் இதேதான் நடந்தது, மகள் வயிற்றுப் பேரனைக் காட்டிக் கோஷ்டி கட்டினார்கள்.

சரி, கணக்கு வழக்கு? அங்கேதான் பாருங்கள். ஓலை எழுதுகிறவர், ஓலைநாயகம், புரவுவரித் திணைக்களம் என்று ஓலைக்கும் வரிக்கணக்குக்குமே ஒரு பட்டாளம் கல்வெட்டுகளில் வருகிறது. ஒரு தானம் கொடுத்தால் யார் சொன்னது, யார் எழுதியது, யார் சரிபார்த்தது, யார் வரியில் கழித்தது என்று பெயர் பெயராக நீளும். கோயில் சுவரில் படித்துக்கொண்டே போனால் கழுத்து வலிக்கும். படை நடத்துகிற பெருமை பெரிய வீட்டுக்காரர்களுக்கும் போயிருக்கிறது, நெல் கணக்கு ஓலைக்காரர்களிடம் இருந்திருக்கிறது என்பது என் வாசிப்பு, அறிஞர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன்.

ராஜராஜன் இன்னும் ஒரு படி மேலே போனான். டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இது ரொம்ப ருசியான விஷயம். பழைய நாடுகளைச் சேர்த்து வளநாடு என்று புதிதாகப் பிரித்தான், எல்லையாக ஆறுகளைப் போட்டான். அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவில் உய்யக்கொண்டார் வளநாடு என்கிற மாதிரி. நித்தவினோதம், அருமொழிதேவம், க்ஷத்திரியசிகாமணி என்று வைத்ததெல்லாம் அவனுடைய பட்டப்பெயர்கள். பரம்பரையாக ஒருவன் என் நாடு என்று சொல்லிக்கொண்டிருந்த மண்ணுக்கு ராஜாவின் பேரை வைத்து, நிலத்தையும் அளந்து எழுதிவிட்டால் என்ன ஆகும்? முதலாம் ராஜேந்திரன் காலத்தோடு பழுவேட்டரையர் பெயர் மங்கிவிடுகிறது. விளையாட்டிலும் தேர்ந்தவர்கள் சொல்கிற யோசனை இதுதான், மூன்று மலைமுழுங்கிகளை வைத்துக்கொள்வதைவிடப் பத்துச் சின்ன ஆட்களை வைத்துக்கொள், நாற்காலி கேட்கிற தெம்பு யாருக்கும் வராது. நான் இதைத் தெரிந்துகொண்டது ஏதோ சுவீடன்காரன் மூளை என்று நினைத்துத்தான். அப்புறம்தான் என் காலடி மண்ணிலேயே ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செய்து பார்த்துவிட்டார்கள் என்று உறைத்தது.

அரண்மனைக்கு உள்ளேயிருந்தே குத்து விழுந்த கதையும் உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரத்தில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்த கணக்கு அது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்று பெயர் வருகிறது. பிரம்மாதிராஜன் என்பது தெருவில் போகிறவனுக்குக் கிடைக்கிற பேரா? அரசு அதிகாரத்தில் பெரிய இடத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கிற பட்டம். உள்ளே நாற்காலி பெற்றவர் என்றாலும் என் ஒற்றர் தலைவர்மேல் நான் படுகிற சந்தேகம் சும்மா இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். சொத்துப் பறிப்பு அவர்களோடு நிற்கவும் இல்லை, உறவினர்கள் வரைக்கும் போனது.

கடைசிக் காலத்துக்கு வந்தால் இன்னும் மோசம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சிற்றரசர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, யாரோடு யார் சேர்வது, யாரை எதிர்ப்பது என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். கோஷ்டி கட்டுகிறவன் ரகசியமாகக் கட்டுவான் என்று நினைக்கிறோம், இவர்கள் கோயிலில் எழுதி வைத்துவிட்டு மார் தட்டினார்கள். அடுத்து வந்த மூன்றாம் ராஜராஜன் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, ஆனால் விழா எடுக்கிற கதை இல்லை என்பதால் யாரும் சொல்வதில்லை. சோழருக்கு அடங்கியிருந்த காடவர் குலத்தில் வந்த கோப்பெருஞ்சிங்கன் 1231-ல் சோழச் சக்கரவர்த்தியையே பிடித்து, உளுந்தூர்ப்பேட்டை பக்கம் இருக்கிற சேந்தமங்கலத்தில் சிறை வைத்துவிட்டான். மீட்டது யார்? சோழப் படையா? கர்நாடகத்து ஹொய்சாள மன்னன் நரசிம்மன் படையை அனுப்பி மீட்டுக் கொடுத்தான், திருவயிந்திரபுரம் கல்வெட்டு அந்தப் படையெடுப்பை ஊர் ஊராகச் சொல்கிறது. சும்மா உதவுவார்களா, ஹொய்சாளர்கள் ஸ்ரீரங்கத்துக்கு எதிரே கண்ணனூரில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள், அதாவது டெல்டாவின் தலைமாட்டில். விளையாட்டில் கோஷ்டிச் சண்டைக்குப் பக்கத்து நாட்டுக்காரனைத் துணைக்குக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கண்ணனூர் ஞாபகம் வரும், கை தயங்கும், ஆனாலும் கூப்பிடுவேன், வேறு வழி கிடையாது.

ராஜா காலத்தை விடுங்கள். எங்கள் ஊர் வாய்க்கால் கமிட்டியில் ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம், எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். வாய்க்கால் பிரிகிற இடத்திலேயே நிலம் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர்தான் வழக்கமாகத் தலைவர். அவர் கூட்டத்துக்கே வருவதில்லை, வந்தாலும் தூங்குவார் என்று நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து அவரைக் கழற்றிவிட்டு, கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற ஒருத்தரைத் தலைவராக்கினோம். நல்ல மனுஷர், நறுக்கென்று வேலை பார்ப்பவர். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தது. எங்கள் வாய்க்காலில் மட்டும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பெரியவர் ஒன்றும் செய்யவில்லை, அவர் ஆட்கள் ராத்திரியில் தலைமடையில் நாலு மண்வெட்டி மண்ணைப் போட்டார்கள், பகலில் கேட்டால் எலி வளை அடைத்தோம் என்றார்கள். முறை வைத்துத் தண்ணீர் விட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம், தீர்மானத்தை வைத்து நாற்று நட முடியுமா? அடுத்த வருடம் அவர் வீட்டுக்குப் போய், நீங்கள் இல்லாமல் சரிப்படாது பெரியப்பா என்று வெற்றிலை பாக்கு வைத்து மறுபடி தலைவராக்கினோம். பொருளாளர் மட்டும் அந்தக் கடைமடை மனுஷர். தூர்வாரும் காசு அவர் கையில். தண்ணீர் கடைசிவரை போனது. பெரியவர் கூட்டத்தில் தூங்கினார், யாருக்கும் நஷ்டமில்லை. அதற்கும் அடுத்த வருடம் பொருளாளர் பதவியும் தன் மாப்பிள்ளைக்கு வேண்டும் என்று அவர் கேட்டது தனிக்கதை, அதைச் சொன்னால் எனக்கு ஊரில் இருக்க முடியாது.

இந்த மாதிரிப் பொருளாளர்களுக்காகவே எழுதின மாதிரி உத்தரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைக்குப் பெயர் போடுகிறவனுக்குக் கால்வேலி வரிசெலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது வேண்டும் என்பதெல்லாம் எல்லாரும் மேடையில் சொல்வார்கள். ஏற்கெனவே வாரியத்தில், அதாவது ஊர்க் கமிட்டியில், இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய சொந்தக்காரர்களும் பெயரே போடக் கூடாது என்ற விதியை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. இரண்டே வருடத்தில் விதியை மாற்றி மறுபடி வெட்டியிருக்கிறார்கள் என்றால், முதல் விதியை யாரோ வளைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பதவிக்கு அடிதடி இல்லாத ஊரில் இவ்வளவு நுணுக்கமாக விதி எழுத வேண்டிய தேவை என்ன?

ஆகவே கட்டுரையாளரிடம் என் விண்ணப்பம் இரண்டு. ஒன்று, எல்லா விளையாட்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். சுடுகிற விளையாட்டு வேறு, இது வேறு. எதிர்வீட்டுப் பையனை ஒரு நாள் இதில் உட்கார வைத்தேன், அரை மணி நேரத்தில் "என்ன மாமா, எவனும் சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கிறான்" என்று எழுந்து போய்விட்டான். மயக்கம் ஏறியதாகத் தெரியவில்லை. இரண்டு, இது உங்களுக்கும் சேர்த்து, ஞாயிறு இணைப்பில் வருடம் தவறாமல் சதய விழா சமயத்தில் ராஜராஜனைப் பற்றி எழுதுகிறீர்கள், கோபுர உயரம் எழுதுகிறீர்கள். ஒரு தடவை கீழப்பழுவூருக்கும் கொடும்பாளூருக்கும் ஆளை அனுப்பி, அந்தச் சிற்றரசர்கள் கட்டிய கோயில்களைப் படம் எடுத்து, அவர்கள் பக்கத்துக் கதையைப் போடுங்கள். திருப்புறம்பியத்துக்கு வருவதாக இருந்தால் நானே கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் கூட்டிப்போகிறேன்.

என் நாலாவது ஆட்டம் இப்போது ஒரு இக்கட்டில் நிற்கிறது. பட்டத்துக்கு வந்திருப்பவன் ஒன்பது வயதுச் சிறுவன். சேனாதிபதி நாற்காலியில் இருந்த பெரிய சிற்றரசன் போன வாரம் செத்துவிட்டார், அவர் மகன் அதே நாற்காலியைக் கேட்கிறான், அவனுக்குப் படை நடத்தத் துளியும் தெரியாது, ஆனால் அவனிடம் இருக்கிற படை என்னுடையதில் பாதி. கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒற்றர் தலைவராக இருக்கிற பாட்டிக்கு வயது எழுபத்தொன்று, அவர் கொஞ்ச நாள் தாங்க வேண்டும். கரண்ட் போய் வந்தது, சேவ் ஆகியிருக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.